வாசகர் கேள்வி – பதில்: கோணிய கிண்ணமும் மறக்காத மண்ணும்

கேள்வி: கண்டியில் ஞாயிறுதோறும் நடைபெறும் சிறு பட்டறை ஒன்றில் நாங்கள் ஆறு பேர் பீங்கான் பாத்திரம் வனையப் பழகி வருகிறோம். காய்ந்து முடியும்வரை வட்டமாக இருந்த என் கிண்ணம், இறுதிச் சூளையிலிருந்து முட்டை வடிவில் வெளியே வந்தது. "மண் மறக்காது" என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் அடுத்தவரின் சக்கரத்துக்குப் போய்விட்டார். இது உண்மையா, சூளையின் குறையை மறைக்கும் பேச்சா? — வாசகி, ஹட்டன்

பதில்: உண்மைதான். ஆனால் கட்டணம் வாங்கியவர் அதை இரண்டு சொற்களோடு நிறுத்தியிருக்கக் கூடாது.

பீங்கான் மண்ணில் ஏறக்குறையப் பாதி, கயோலின் எனப்படும் வெண்களி. மீதி, பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் அரைத்த கல்மாவு. கயோலின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தகடுகள். நீங்கள் மண்ணை அழுத்தும் திசைக்கேற்ப அவை வரிசை கட்டிக்கொள்கின்றன. பிறகு விரலால் தள்ளி உருவத்தைத் திருத்தினாலும், அந்த வரிசை முழுதாகக் கலைவதில்லை. சூளையின் வெப்பம் 1280 பாகை செல்சியஸை நெருங்கும்போது பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகிறது, பாத்திரத்தின் உடலே சற்று இளகுகிறது, ஈர நிலையிலிருந்து கணக்கிட்டால் 12 முதல் 15 சதவீதம்வரை சுருங்கியும் விடுகிறது. அந்த இளக்கத்தில்தான், காய்ந்தபோது அடங்கிக் கிடந்த கோணல் வெளியே தலைகாட்டுகிறது. செம்மண் சட்டி இவ்வளவு வெப்பத்தைக் காண்பதில்லை என்பதால் அதில் இந்தச் சிக்கல் அரிது.

கோணல் எப்போது நுழைந்திருக்கும்? என் ஊகம், கம்பியால் அடியை அறுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே கிண்ணத்தைத் தூக்கிய அந்த நொடி. வாய் இலேசாக நீண்டிருக்கும்; விரல் நுனியால் தட்டி வட்டமாக்கியிருப்பீர்கள்; கண் திருப்தியடைந்திருக்கும். நானும் பழகிய காலத்தில் இதே தவறைப் பலமுறை செய்திருக்கிறேன். அந்தக் கோணல் கிண்ணங்களில் ஒன்றில் இன்றும் எங்கள் வீட்டு ஏலக்காய் இருக்கிறது.

இனிமேல் சக்கரத்தின்மேல் வட்டப் பலகை ஒன்றைப் பொருத்தி, அதன்மீதே வனைந்து, பலகையோடு தூக்கி வையுங்கள். தோல் பதம், அதாவது பாதி காய்ந்து தோல்போல் விறைக்கும் நிலை, வரும்வரை பாத்திரத்தைத் தொடவே வேண்டாம். உலர்த்துவதிலும் நிதானம் வேண்டும். மூடுபனிக் காலத்தில் எதுவும் காயாது என்று எண்ணி யன்னலோரம் வைத்தால், காற்றுப் படும் பக்கம் முந்திக் காய்ந்து மறுபக்கத்தை இழுத்துவிடும். மெல்லிய பொலித்தீனால் மூடி, விளிம்பு தாங்கும் பதம் வந்ததும் கவிழ்த்து வையுங்கள். வாட்டும் தட்டில் தேயிலைக் கொழுந்தை அவசரப்படுத்தினால் என்னவாகும் என்பதை உங்கள் ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

சூளையையும் ஒரேயடியாக விடுவித்துவிட வேண்டாம். கிண்ணத்தைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். அடி ஆடினால், சூளைத் தட்டு வளைந்திருந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடி சமமாக இருந்து வாய் மட்டும் கோணியிருந்தால், பெரும்பாலும் கையின் பிழைதான். ஆறு பேருக்கு ஒரு பயிற்றுநர் என்னும் ஏற்பாட்டின் பயனே, நீங்கள் தூக்கும் நொடியில் அவர் அருகில் நிற்க முடியும் என்பதுதான். அடுத்த ஞாயிறு அதைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரிலேயே பீங்கான் தொழிற்சாலை இருக்கிறது. அப்படியிருக்க, பட்டறைகள் ஏன் வெளிநாட்டு மண்ணை வாங்குகின்றன? — வாசகர், மாத்தளை

பதில்: மூலப்பொருளுக்கு இங்கே குறைவில்லை. பெல்ட்ஸ்பார் உங்கள் மாவட்டத்து ஓவலவிலேயே தோண்டப்படுகிறது. வெண்களி பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் கிடைக்கிறது. மீட்டியாகொடை சந்திரகாந்தக் கல்லுக்கும் பேர்போன ஊர். அந்தக் கல்லும் பெல்ட்ஸ்பார் இனத்தைச் சேர்ந்ததே, வெண்களியோ பெல்ட்ஸ்பார் நெடுங்காலம் சிதைந்து உருவான மண்; ஆக ஒரே குடும்பத்தின் இரு பிள்ளைகள் ஒரே ஊரில் இருக்கிறார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தொழிற்சாலைக் கலவை அச்சுக்காகவும் இயந்திரத்துக்காகவும் தயாராவது. சக்கரத்தில் கைக்கு இழுபட வேண்டுமென்றால் மண்ணில் கூடுதல் நெகிழ்ச்சி தேவை. அதற்காகச் சிறிதளவு பென்டொனைட் போன்ற பொருளைச் சேர்த்துப் பிசைந்த வெளிநாட்டு மண்ணையே பட்டறைகள் பொதியாக வாங்குகின்றன. எந்த மண்ணானாலும், செம்மண் வனைந்த பலகையையும் பஞ்சையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். நம் மலைமண்ணில் உள்ள இரும்பு ஒரு துளி கலந்தாலும் வெள்ளைப் பாத்திரத்தில் பழுப்புப் புள்ளியாக நின்றுவிடும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவதும் நல்லது.

கேள்வி: பழகிய பின் வீட்டுப் பாண் போறணையில் சுட முடியுமா? — வாசகி, பதுளை

பதில்: முடியாது. பாண் வேகும் சூடு 250 பாகைக்கு அருகில். பீங்கானுக்கு அதைப் போல ஐந்து மடங்கு வேண்டும். வீட்டில் வனைந்து காயவைத்து, பட்டறைச் சூளையில் கூலிக்குச் சுட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும்: காய்ந்த பீங்கான் மண்ணின் தூசியில் சிலிக்கா இருப்பதால் அது நுரையீரலுக்குக் கெடுதல். வேலை முடிந்ததும் விளக்குமாற்றை எடுக்காமல், ஈரத் துணியால் மேசையையும் தரையையும் துடைத்துவிடுங்கள்.