எத்மோஸ்டிக்மஸ் பூரான்கள்: கேள்வி-பதில்

நூறு கால் உள்ள பூரான் உண்டா? (திண்டுக்கல்)
எத்மோஸ்டிக்மஸ் என்ற பூரான் பேரினத்துக்கு 21 ஜோடி. வளர்ந்த பூரான் எதுவானாலும் ஜோடிக் கணக்கு ஒற்றைப்படையில்தான் வரும். நூறு கால் என்றால் 50 ஜோடி, அது இரட்டைப்படை. அப்புறம் நூறு எங்கே?

ஸ்கோலோபெண்ட்ராவும் இதுவும் ஒன்றுதானே? (தென்காசி)
இல்லை, ஸ்கோலோபெண்ட்ரா வேறொரு பூரான் பேரினம். ஒரே குடும்பம், வேறு துணைக்குடும்பம். லென்ஸ் வைத்து உடலின் 7-ஆம் கண்டத்தின் (கால் உள்ள துண்டின்) பக்கவாட்டைப் பாருங்கள். அங்கே சுவாசத்துளை இருந்தால் ஸ்கோலோபெண்ட்ரா இல்லை. ஆனால் ரைசிடா என்ற இன்னொரு பேரினத்துக்கும் அது உண்டு, அதோடு நிறுத்திவிட வேண்டாம்.

படம் இணைத்திருக்கிறேன். சிவப்புத் தலை, நீலக் கால். எந்த இனம்? (ஊர் எழுதவில்லை)
மாதாமாதம் இப்படி நாலைந்து கடிதம் வருகிறது. நிறத்தை நம்பாதீர்கள்: குட்டிக்கு ஒன்று, வளர்ந்ததற்கு ஒன்று, சாராயத்தில் போட்டு வைத்தால் அதுவும் வெளுத்துவிடும். கடைசிக் கால்கள், அவற்றின் அடியில் துருத்தும் முனை, அதிலுள்ள முட்கள் இவைதான் எனக்கு வேண்டும். நீங்களோ செருப்பால் அடித்து, அந்தப் பகுதியையே நசுக்கிவிட்டுப் படம் எடுக்கிறீர்கள். அதைவிட மோசம், இடம் இல்லாதது. இந்தப் பேரினத்தில் சில இனங்களுக்குப் பெயரே மலையைச் சொல்லும். குன்னூர்ப் பெயர் தாங்கிய எத்மோஸ்டிக்மஸ் கூனூரானஸை 1920-இல் ஆய்வாளர் சேம்பர்லின் விவரித்தார். 2018-இல் ஆய்வாளர்கள் ஜோஷியும் எட்ஜ்கோம்பும் உடலமைப்பையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்து, அகஸ்தியமலை இனம் உட்படப் புதியவற்றை விவரித்தார்கள். ‘தென்னிந்தியா’ என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊர், உயரம், தேதி மூன்றையும் எழுதுங்கள். எழுதாத படங்களுக்கு இனி பதில் கிடையாது.

ஆஸ்திரேலியாவிலும் இதே பேரினம் இருக்கிறதாம். கப்பலில் போயிருக்குமோ? (நாகர்கோவில்)
இல்லை. ஆஸ்திரேலியாவில் ருப்ரிபெஸ் இனம், ஆப்பிரிக்காவில் டிரிகோனோபோடஸ் இனம், நடுவில் இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வேறு இனங்கள். கிளைகள் பிரியத் தொடங்கியது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்ற பழைய பெருநிலப்பரப்பு உடைந்த காலத்தில். தீபகற்ப இந்தியக் கிளை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் முதலில் பெருகி, பிறகுதான் வடக்கேயும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் போனது. கப்பல் ஏறி ஊர் சுற்றுவது ஸ்கோலோபெண்ட்ரா மோர்சிடன்ஸ். இரண்டையும் குழப்பாதீர்கள்.

புது இனம் கண்டுபிடித்துவிட்டேன்! உருண்டையாகச் சுருள்கிறது, கடிக்கவில்லை. (ஊர் எழுதவில்லை)
அது மரவட்டை. வளையத்துக்கு இரண்டு ஜோடி கால் இருக்கும், எண்ணிப் பாருங்கள்.