மலைச்சரிவில் மண்ணும் தண்ணீரும்: கேள்வி பதில்

கேள்வி: சரிவு நிலத்துக்கு, படிபடியாக வெட்டி மட்டமாக்கும் படித்தளம்தான் சரி என்கிறார்கள் சிலர், வரப்பே போதும் என்கிறார்கள் சிலர். எப்படி முடிவு செய்வது?

பதில்: முதலில் சரிவை அளந்துவிடுங்கள். 1 மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தின் ஒரு முனையைத் தரையில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் எத்தனை செ.மீ. இடைவெளியோ, அதுதான் சரிவின் சதவீதம். பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். 6 சதவீதம் வரை வரப்பு போதும். 16 முதல் 33 வரை படித்தளம். இடைப்பட்ட சரிவில் வரப்போடு வெட்டிவேர் வரிசையும் வைத்தால், மண் தானாகப் படிந்து சில ஆண்டுகளில் தளமாகிவிடும். 33-ஐத் தாண்டினால் வெட்டாதீர்கள். மரப்பயிரும் புல்லும் போதும், மரத்துக்கு மரம் அரைவட்டத் தளம் மட்டும் அமையுங்கள்.

சரிவை விட முக்கியமானது மண்ணின் ஆழம், பலரும் இதைப் பார்ப்பதில்லை. 25 சதவீதச் சரிவில் 3 மீட்டர் அகலத் தளம் வெட்டி, கரையை 45 டிகிரி சாய்வில் விட்டால், தளத்துக்குத் தளம் உயரம் 1 மீட்டர் வரும். உட்பக்கம், அதாவது மலைப்பக்கம், அதில் பாதி, 50 செ.மீ., வெட்டுப்படும். மண்ணே 60 செ.மீ.தான் என்றால் பாறைக்கு மேல் 10 செ.மீ. மிஞ்சும், அதில் என்ன விளையும்? அகலத்தை 2 மீட்டராகக் குறைத்தால் வெட்டு 33 செ.மீ. ஆகிவிடும்.

கேள்வி: புதிதாகப் படித்தளம் போட்டோம். வெளி ஓரத்தில் பயிர் செழிப்பாக இருக்கிறது, உட்பக்கம் மட்டும் மஞ்சளாகிக் குட்டையாக நிற்கிறது. நோயா?

பதில்: நோய் இல்லை. உட்பக்கம் அடிமண் வெளியே வந்துவிட்டது, வெளி ஓரத்தில் மேல்மண் இரட்டிப்பாகக் குவிந்திருக்கிறது. இனி தொழு உரத்தைத் தளம் முழுக்க இறைக்காமல் உள்பாதிக்கே கொடுங்கள். இரண்டு பருவம் பயறு வகை விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுங்கள். மீதி நிலத்தை வெட்டும்போது கீழிருந்து மேலே போங்கள். கீழ்த்தளத்தை மட்டப்படுத்தியதும், அடுத்த தளம் வரவிருக்கும் இடத்து மேல்மண்ணை 15-20 செ.மீ. வழித்துக் கீழே பரப்பிவிட்டு, பிறகு அதை வெட்டுங்கள். மேலிருந்து தொடங்கினால் இதைச் செய்ய வழியே இல்லை.

கேள்வி: சம உயரக் கோடு போடக் கருவி எதுவும் இல்லை ஐயா.

பதில்: மூன்று கம்பு, ஒரு நூல், ஒரு கல் போதும். 2 மீட்டர் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை 2 மீட்டர் அகற்றி, நடுவில் குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கல்லை நூலில் தொங்கவிடுங்கள். இரண்டு முளைகள் மேல் நிறுத்தி, குறுக்குக் கம்பில் நூல் படும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். ஒரு காலை ஊன்றி, நூல் அந்தப் புள்ளியில் படும்வரை மறுகாலை நகர்த்தி, கால் நிற்கும் இடத்தில் முளை அடித்துக்கொண்டே போனால் சம உயரக் கோடு வந்துவிடும். காற்றடிக்கும் நாளில் செய்ய வேண்டாம், நூல் ஆடும்.

கேள்வி: சம உயரத்தில்தான் வரப்பு போட்டேன். ஆனாலும் ஒவ்வொரு பெருமழைக்கும் உடைகிறது, அதுவும் ஒரே இடத்தில்.

பதில்: அந்த இடம் மற்ற இடங்களை விடச் சில செ.மீ. தாழ்ந்திருக்கும். தேங்கிய நீர் முழுவதும் அங்கே திரண்டு வழிகிறது. தாழ்வை உயர்த்தினால் அடுத்த மழையில் வேறிடம் உடையும், ஏனென்றால் கோளாறு வரப்பில் இல்லை. நீருக்குப் போக வழி கொடுக்கவில்லை. மழை குறைந்த இடத்தில் மட்டமான வரப்பு நீரைத் தேக்கி ஊறவைக்கும். பெருமழைப் பகுதியில் வரப்புக்கு 0.5 சதவீத வாட்டம் கொடுத்து, ஓரமாக உள்ள நீர்வழியில் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன கம்புக் கருவியில் முன்காலின் அடியில் 1 செ.மீ. கட்டை கட்டி, அதே காலை எப்போதும் முன்னால் வைத்து நகர்ந்தால் இந்த வாட்டம் கிடைத்துவிடும்.

வேலையின் வரிசையும் முக்கியம். நீர்வழி முதலில், வரப்பும் தளமும் பிறகு. நீர்வழியில் புல் நட்டு, வேர் பிடித்த பிறகே தண்ணீரைத் திருப்புங்கள். பச்சை மண்ணில் திருப்பினால் ஒரே பருவத்தில் ஓடையாகிவிடும். செங்குத்தான இடங்களில் குறுக்கே கல் தடுப்புகள் வையுங்கள். கீழ்த்தடுப்பின் தலையும் மேல்தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களை விட 20-30 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் நீர் கரையைச் சுற்றி அறுத்துக்கொண்டு போகும். இரு முனைகளும் கரைக்குள் அரை மீட்டர் புதைய வேண்டும். நீர் விழும் இடத்தில் பெருங்கல் பரப்புங்கள்.

கேள்வி: மேலிருந்து கீழாக உழுவது சுலபமாக இருக்கிறதே?

பதில்: ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால் ஆகிவிடும். குறுக்கேதான் உழ வேண்டும்.

கேள்வி: தளத்தின் கல்சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. சிமென்ட் பூசிவிடலாமா?

பதில்: பூசினால் சீக்கிரம் விழும். சுவரைத் தள்ளுவது பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம், அது கசியும் இடுக்குகளைத்தான் சிமென்ட் அடைக்கும். தள்ளிய பகுதியைப் பிரித்து, 30 செ.மீ. ஆழத்தில் அடித்தளம் எடுத்து, 4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு மலைப்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்குச் சல்லி நிரப்புங்கள். ஏற்கெனவே சிமென்ட் சுவர் என்றால் கசிவுத் துளைகள் இல்லாமல் விடவே கூடாது.

கேள்வி: வெட்டிவேர் நட்டும் மண் போகிறது.

பதில்: நடுவில் இடைவெளி இருக்கும். 10-15 செ.மீ.க்கு ஒரு தூர், ஒவ்வொன்றிலும் 2-3 தண்டு என நெருக்கி நடுங்கள். பட்டுப்போன இடத்தை முதல் மழைக்காலத்திலேயே நிரப்புங்கள். இடைவெளி உள்ள வரிசை நீரை அங்கே குவித்துவிடும், அதைவிட வரிசையே இல்லாதது மேல்.

கேள்வி: மேட்டுத் தொட்டியிலிருந்து 40 மீட்டர் கீழே சொட்டுநீர் இறக்கினேன். கீழே குழாய் இணைப்புகள் கழன்றுவிடுகின்றன, கடைசி வரிசைச் செடிகள் அழுகுகின்றன.

பதில்: 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர செ.மீ.க்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். கீழே உங்களுக்கு 4 கிலோ நிற்கிறது, செடி வரிசையோடு ஓடும் மெல்லிய லேட்டரல் குழாய் அதைத் தாங்காது. நிலத்தை உயரவாரியாகப் பகுதிகளாகப் பிரித்து, இடையில் மிதவை வால்வுள்ள சிறு தொட்டி வையுங்கள். நீர் அதில் விழுந்ததும் அழுத்தம் பூஜ்யமாகி மறுபடி தொடங்கும். மெயின் குழாய் சரிவில் இறங்கட்டும், லேட்டரல்கள் சம உயரத்தில் ஓடட்டும். அழுகலுக்குக் காரணம் வேறு. வால்வை மூடிய பிறகு குழாயில் மிஞ்சிய நீர் முழுவதும் கீழ்ச் சொட்டுவான்களில் வடிகிறது. மூடியதும் கசிவு நிற்கும் வகைச் சொட்டுவான்கள் உண்டு, அவற்றைப் போடுங்கள்.

கேள்வி: மழை அதிகமுள்ள மலைமண்ணில் எவ்வளவு உரம் போட்டாலும் வேர் ஓடவில்லை.

பதில்: மழை சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய் மண் புளித்திருக்கும். புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவு 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும், மணிச்சத்தும் மண்ணில் பூட்டிக்கொள்ளும். பரிசோதனை செய்து அளவு முடிவு செய்யுங்கள், களிமண்ணுக்கு மணலை விட அதிகம் தேவைப்படும். ஒரே தடவையில் சதுர மீட்டருக்கு 200-300 கிராம் சுண்ணாம்புத்தூள் அல்லது டோலமைட்டுக்கு மேல் வேண்டாம். விதைப்புக்கு 3-4 வாரம் முன்பே மேல் 15 செ.மீ. மண்ணில் கலக்குங்கள். யூரியாவோடோ பச்சைச் சாணத்தோடோ சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

கேள்வி: நிலத்துக்குக் கீழே ஓடை இருக்கிறது, மின்சாரம் இல்லை. இறங்கி வரும் நீரின் வேகத்தாலேயே அதில் ஒரு பங்கை மேலே ஏற்றும் ராம் பம்ப் எவ்வளவு ஏற்றும்?

பதில்: நிமிடத்துக்கு 30 லிட்டர் நீர் 2 மீட்டர் இறங்கி வந்து, 15 மீட்டர் ஏற வேண்டும் என்று வையுங்கள். 30-ஐ 2-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்து, திறனுக்காக 0.6-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 2.4 லிட்டர். இரவும் பகலும் ஓடுவதால் நாளுக்குச் சுமார் 3,400 லிட்டர். மீதி நீர் ஓடைக்கே திரும்பும். இறங்கு குழாய் இரும்பாக இருக்கட்டும், பிளாஸ்டிக் விரிந்து கொடுத்து, வால்வு சட்டென மூடும்போது நீர் அடிக்கும் அடியின் வேகத்தை விழுங்கிவிடும். முதலில் மீதி நீரை வெளியே விடும் கழிவு வால்வு மூடியபடி நின்றால் ஏற்றுக் குழாய் நிரம்பும்வரை கையால் அழுத்தி விடுங்கள். திறந்தபடியே நின்றால் வரத்து போதவில்லை. சில வாரம் ஓடியபின் சத்தம் கடுமையாகிக் குழாய் அதிர்ந்தால், காற்றறை நீரால் நிரம்பிவிட்டது. நிறுத்தி நீரை வடித்துவிட்டு, காற்றை உறிஞ்சும் சின்னத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.