கயோட்டிகள் புதிய இடங்களுக்குப் பரவினால் அங்குள்ள இயற்கைக்கு என்ன ஆகும்?

கயோட்டி என்பது வட அமெரிக்காவின் காட்டு நாயினம்; உருவத்தில் ஓநாய்க்கும் நரிக்கும் நடுவில் இருக்கும். 1900க்கு முன் பெரும்பாலும் கண்டத்தின் மேற்கு, நடுப்பகுதிப் புல்வெளிகளிலும் வறண்ட நிலங்களிலும்தான் வாழ்ந்தது. மனிதர்கள் ஓநாய்களைக் கொன்று, காட்டை வெட்டி வயலாக்கியதும் அதற்கு வழி திறந்தது. தெருமுனைப் பெரிய மளிகைக்கடை மூடினால் பக்கத்துப் பெட்டிக்கடை அந்த வியாபாரத்தைப் பிடித்துக்கொள்ளுமே, அதே கதைதான். இன்று அட்லாண்டிக் கரைவரை வந்துவிட்டது; தெற்கே பனாமாவிலும் இருக்கிறது.

விளைவு இடத்துக்கு இடம் மாறும். தன்னைவிடச் சிறிய வேட்டை விலங்குகளைக் கயோட்டி விரட்டும், சமயத்தில் கொன்றுவிடும். கலிபோர்னியாவின் சான் டியேகோவில், வீடுகளுக்கு நடுவே மிஞ்சிய புதர்க்காடுகளை ஆராய்ந்தார்கள். கயோட்டி நடமாடிய இடங்களில் பூனைகள் குறைவாகவும் பறவை வகைகள் அதிகமாகவும் இருந்தன. பறவைகளுக்கு லாபம்தான். ஆனால் கயோட்டி குடியேறும் பல இடங்களில் செந்நரி பாடு திண்டாட்டம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் நிலைமை வேறு. 1980களில் கடல் பனிக்கட்டி மேல் நடந்து வந்ததாகக் கருதப்படும் கயோட்டிகள், கரடிகளிடம் ஏற்கெனவே பலியாகிவந்த கரிபூ மான் குட்டிகளுக்குக் கூடுதல் ஆபத்தாயின.

ஓநாய் செய்த வேலையைக் கயோட்டி அப்படியே செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மான் குட்டிகளை நிறையவே பிடித்தாலும், மிகப் பெரிய மான் இனமான மூஸில் வளர்ந்ததை அது வீழ்த்துவது அபூர்வம்.