தொப்பையும் கருவியும்: உடற்பயிற்சி மாஸ்டரிடம் கேட்டவை

கேள்வி: மாஸ்டர், தினமும் சில நிமிடம் செய்தாலே தொப்பை கரையும் என்று விளம்பரம் வருகிறது. அப்படி ஒரு கருவி உண்மையில் இருக்கிறதா?

பதில்: இல்லை. வயிற்றுக்கு எவ்வளவு வேலை கொடுத்தாலும் பலப்படுவது தசைதான். அதன் மேல் படிந்திருக்கும் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கழன்று போகாது. எங்கிருந்து எடுப்பது என்பதை உடம்பு தன் இஷ்டத்துக்குத்தான் முடிவு செய்யும். 'ஆப் சர்க்கிள் புரோ' என்று, முட்டி போட்டுப் பக்கவாட்டில் ஆடும் ஒரு கருவி வந்தது. மூன்று நிமிடம் ஆடினால் நூறு சிட்-அப்புக்கு (படுத்து எழும் பயிற்சி) சமம், இரண்டு வாரத்தில் பத்து பவுண்டு குறையும் என்றார்கள். 2012-ல் அமெரிக்காவில் வணிக மோசடிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அது பொய் விளம்பரம் என்று நடவடிக்கை எடுத்தது. கடைசியில் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும்படி ஆயிற்று. தொப்பைக்குச் சாப்பாட்டையும் நடையையும் பாருங்கள். வயிறு பலமாக வேண்டும் என்றால் மட்டும் கருவியைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: அண்ணே, ஆப்ஸ் வீல் (இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த சின்னச் சக்கரம்) வாங்கி நாலே தடவை உருட்டினேன். மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மட்டமான சக்கரத்தை வாங்கிவிட்டேனோ?

பதில்: சக்கரத்தைக் குறை சொல்லாதே தம்பி. கை முன்னால் போகப் போக வயிறு இறுக்கிப் பிடிக்க வேண்டும். அது விட்டுக்கொடுத்த நொடியில் இடுப்பு தொங்கும், பாரமெல்லாம் கீழ்முதுகில் இறங்கும். உனக்கு நடந்தது அதுதான். முதலில் வலி முழுக்கப் போகட்டும். அப்புறம் வெறும் தரையில் பிளாங்க் நில், அதாவது முழங்கையும் கால்விரலும் மட்டும் ஊன்றி உடம்பை நேராகப் பிடி. இடுப்பு தொங்காமல் ஒரு நிமிடம் நிற்க முடிந்தால் சக்கரத்தை எடு.

எடுத்ததும் சுவரைப் பார்த்து மண்டியிடு. முட்டிக்கு அடியில் போர்வையை மடித்துப் போட்டுக்கொள். பாதி தூரம் உருளும்போதே சக்கரம் சுவரில் முட்டி நிற்கிற மாதிரி இடத்தைப் பார்த்துக்கொள். பிட்டத்தை இறுக்கி, தொப்புளை விலாவை நோக்கி இழுத்தபடி போய் வா. ஆறு முறை போதும். முதுகு கொஞ்சமும் வளையவில்லை என்றால் வாரம் ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொள். சுவர் தேவையில்லாமல் போக இரண்டு மூன்று மாதம் ஆகலாம், ஆகட்டும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: அகலமான சக்கரமோ இரட்டைச் சக்கரமோ பக்கவாட்டில் சாயாது. உள்ளே ஸ்பிரிங் வைத்தது முன்னால் ஓடிவிடாமல் பிடிக்கும், திரும்பி வரவும் கைகொடுக்கும், புதியவர்களுக்கு நல்லது. கைப்பிடியை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். நுரை உறை கம்பியில் வழுக்கினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். என் முதல் சக்கரத்தில் வியர்வை பட்டதும் உறை கழன்றுகொண்டது. தாடை தரையில் மோதிய தழும்பு இன்னும் இருக்கிறது.

கேள்வி: பிரசவமாகி ஐந்து மாதம் ஆகிறது. வயிறு உள்ளே போகவில்லை. சிட்-அப் பெஞ்ச் வாங்கட்டுமா?

பதில்: இப்போது வேண்டாம்மா. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்திப் பாருங்கள். நடுவில் இரண்டு விரல் அகலமோ அதற்கு மேலோ பள்ளம் தெரிந்தால், அல்லது வயிறு கூம்பு மாதிரி புடைத்தால், வயிற்றுத் தசை நடுவில் இன்னும் விலகியே இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் சிட்-அப் செய்தால் விலகல் சரியாவது கடினம். ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் உயரம் ஐந்தடி ஏழங்குலம். வயிற்றுப் பயிற்சிக்கு சிட்-அப் பெஞ்சா, காற்றடித்த பெரிய பந்தா?

பதில்: பந்து. உங்கள் உயரத்துக்கு 65 செ.மீ. சரியாக இருக்கும். உட்கார்ந்தால் தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும், அதுதான் அளவு. ஓட்டை விழுந்தாலும் பட்டென்று வெடிக்காமல் மெதுவாகக் காற்று இறங்குகிற ரகமா என்று கேட்டு வாங்குங்கள். பெஞ்சில் காலை மாட்டிக்கொண்டு எழும்போது வேலையில் பெரும்பங்கைத் தொடையின் மேல்பக்கத் தசைகள் பிடுங்கிக்கொள்ளும், வயிறு பாதி ஓய்வில் இருக்கும். 2001-ல் அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் என்ற உடற்பயிற்சி அமைப்புக்காக சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், 13 பயிற்சிகளில் வயிற்றுத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து பார்த்தார்கள். பந்து மேல் செய்யும் கிரஞ்ச் (தலையையும் தோளையும் மட்டும் தூக்கும் பயிற்சி) மூன்றாவதாக வந்தது. முதலிடம், படுத்தபடி சைக்கிள் மிதிப்பது போல் செய்யும் பயிற்சிக்கு. அதற்குக் கருவியே கிடையாது!

கேள்வி: வியர்க்க வைக்கும் பெல்ட், கரண்ட் பெல்ட்?

பதில்: முதலாவதில் குறைவது தண்ணீர், இரண்டு டம்ளர் குடித்தால் திரும்பிவிடும். இரண்டாவது தசையைத் துடிக்க வைக்கும், கொழுப்பைத் தொடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் அதன் பக்கமே போகக்கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு ஏதாவது?

பதில்: டாக்டர் சரி என்றால் உடற்பயிற்சிக்கென்று விற்கும் நீளமான ரப்பர் பேண்ட் ஒன்று போதும். அசையாத கம்பியில் நெஞ்சு உயரத்தில் கட்டி, கம்பி பக்கவாட்டில் இருக்கும்படி நிற்கச் சொல்லுங்கள். பேண்டை இரண்டு கையாலும் நெஞ்சருகே பிடித்து நேராக முன்னால் நீட்டி, கொஞ்சம் நிறுத்தி, திரும்ப இழுக்க வேண்டும். பேண்ட் உடம்பைத் திருப்பப் பார்க்கும், வயிறு விடாமல் தடுக்கும். படுக்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். மூச்சைப் பிடித்தால் பிபி எகிறும். அதனால் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே யாராலும் மூச்சை அடக்க முடியாது.