துரும்பைக்கூட எடுக்க விடாத வீடு

அன்புள்ள ஆச்சி,

கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 56 வயது. ஆறு வருடமாக முடக்குவாதம். மருந்தில் வீக்கம் வடிந்துவிட்டது. நடக்கலாம் என்கிறார் டாக்டர். அம்மாவோ, அசைந்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து முகப்பைவிட்டு நகர்வதில்லை. நாங்களும் ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை. இந்த நிலைப்படிகளுக்குப் பயந்து, வீட்டை விற்றுவிட்டுச் சென்னையில் லிஃப்ட் உள்ள வீட்டுக்குப் போய்விடலாமா? கத்தரிக்காயை நிறுத்த வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கத்தரிக்காய் பாவம், விட்டுவிடுங்கள். வீட்டை விற்பது உங்களுக்கும் பங்காளிகளுக்கும் உள்ள பாடு. 'ஒரு துரும்பைக்கூட' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

முடக்குவாதம் தேய்மானம் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி மூட்டின் உள்சவ்வையே பகையென்று தாக்குவது. சும்மா உட்கார்ந்தால் அது நிற்காது. மூட்டைத் தாங்கும் தசைதான் கரையும். வீங்கிச் சுடும் நாளில் அந்த மூட்டுக்கு ஓய்வு வேண்டும், சரி. மற்ற நாளில்? நெதர்லாந்தில் ஏறக்குறைய 300 நோயாளிகளில் பாதிப் பேரை 2 ஆண்டுகள் கடும் பயிற்சி செய்ய வைத்தார்கள். 2003இல் முடிவு வந்தது. அவர்களுக்கு வலு கூடியிருந்தது. பெரிய மூட்டுகள் முன்பே மிகவும் சிதைந்திருந்தவர்கள் நீங்கலாக, சேதம் அதிகரிக்கவில்லை.

அசைவுக்கு அஞ்சுவதை அளக்க 17 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. நோயாளியிடம் கேட்பது. வீட்டாரின் அச்சத்தை எதைக் கொண்டு அளப்பது?

என் அப்பத்தா கொட்டான், அதாவது ஓலைக்கூடை, முடைவதில் கெட்டிக்காரி. கை முடங்கத் தொடங்கியதும் அப்பச்சி, அன்பால்தான், ஓலைக்கட்டைப் பரணில் ஏற்றினார். வளவில் ஒரு நாற்காலி. சாப்பாடு அங்கேயே, தண்ணீர்ச் செம்பும் அங்கேயே. ஒரு மத்தியானம் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் அவள் பழைய கொட்டான் ஒன்றைப் பிரித்துத் திரும்ப முடைந்துகொண்டிருந்தாள். எனக்குப் பத்து வயது. ஓடிப்போய் அப்பச்சியிடம் சொல்லிவிட்டேன். அவர் வந்து வாங்கி வைத்துவிட்டார். "போடி, கோள்சொல்லி" என்று சிரித்தாள். அடுத்த பங்குனிக்குள் செம்பைப் பிடிக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் இன்றுள்ள மருந்து இல்லை, நோய்தான் முடக்கியது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதி முடைந்த கொட்டான் என்னிடம்தான் இருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். கைக்கென்றே பயிற்சிகள் உண்டு. நாளைக்குக் காலை இறுக்கம் தளர்ந்தபின் அம்மாவைக் கீரை ஆயச் சொல்லுங்கள். நேரமாகும். பிடுங்கி வாங்காதீர்கள். கீரைக்கட்டை முகப்புக்குக் கொண்டுவந்து கொடுக்கவும் வேண்டாம், அடுப்படியிலேயே இருக்கட்டும். உங்கள் ஊர் வீடுகளில் அடுப்படி எத்தனை நிலைப்படி தள்ளி என்பது எனக்குத் தெரியும்.