நேற்றைய விற்பனை எவ்வளவு? அனலிட்டிக்ஸ் இன்ஜினியர் பணி குறித்த கேள்வி பதில்

பெங்களூருவில் டேட்டா குழுக்களில் பணிபுரியும் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் விடைகள்.

மாரத்தஹள்ளி நண்பர்: நான்கு ஆண்டுகளாக டேட்டா அனலிஸ்டாக இருக்கிறேன். அனலிட்டிக்ஸ் இன்ஜினியர் என்பது வெறும் பெயர் மாற்றமா?

பதில்: இல்லை. டேட்டா இன்ஜினியர் தரவை வேர்ஹவுஸுக்கு, அதாவது நிறுவனத்தின் தரவெல்லாம் ஒன்றாகச் சேரும் கிடங்குக்கு, கொண்டுவந்து சேர்க்கிறார். அனலிஸ்ட் அதிலிருந்து வணிகக் கேள்விகளுக்கு விடை காண்கிறார். இடையில், கச்சாத் தரவைப் பலரும் நம்பிப் பயன்படுத்தக்கூடிய அட்டவணைகளாக மாற்றி, சோதித்து, விளக்கம் எழுதிப் பராமரிப்பது அனலிட்டிக்ஸ் இன்ஜினியரின் பொறுப்பு. 2016-இல் உருவான டிபிடி (dbt) என்னும் தரவு மாற்றக் கருவி, தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல் (SQL) அறிந்தவர்களையும் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git), தானியங்கிச் சோதனை ஆகிய மென்பொருள் ஒழுங்குகளுக்குள் கொண்டுவந்தது. இந்தப் பதவி பரவியதற்கு அது முக்கியக் காரணம்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட் நண்பர்: எங்கள் குழு ஓராண்டில் 3 பேரிலிருந்து 12 பேராகிவிட்டது. நேற்றைய விற்பனை எவ்வளவு என்று கேட்டால் நிதிப் பிரிவின் டேஷ்போர்டு ஒன்று சொல்கிறது, மார்க்கெட்டிங் டேஷ்போர்டு வேறொன்று சொல்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: 'நேற்று' என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள். வேர்ஹவுஸில் நேரம் பெரும்பாலும் யூடிசி (UTC) என்னும் உலகப் பொது நேரத்தில்தான் பதிவாகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது என்பதால், இங்கே நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வரும் ஆர்டர்கள் யூடிசியில் முந்தைய நாளின் கணக்கில் விழுகின்றன. அடுத்து 'விற்பனை': ஆர்டர் பதிவான நாளா, பொருள் கைக்குச் சேர்ந்த நாளா? ஜிஎஸ்டி உள்ளடங்கியதா? திரும்பி வந்தவை கழிக்கப்பட்டனவா? இவற்றுக்குப் பிறகும் வேறுபாடு நீடித்தால் ஜாயின்களை, அதாவது அட்டவணைகளை இணைக்கும் இடங்களை, பாருங்கள். ஓர் ஆர்டரில் மூன்று பொருள்கள் இருக்கும்போது, ஆர்டர் அட்டவணையைப் பொருள் அட்டவணையோடு இணைத்தால், ஆர்டர் தொகை மூன்று வரிசைகளிலும் திரும்ப வந்து, கூட்டுத்தொகை மும்மடங்காகிவிடும். ஆகவே, ஒவ்வொரு மாடலின் (எஸ்க்யூஎல் எழுதி உருவாக்கும் அட்டவணையின்) தலைப்பிலும் "இதில் ஒரு வரிசை என்பது எதைக் குறிக்கிறது" என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த மாடல் இன்னும் தெளிவடையவில்லை என்று பொருள். முன்பு ஒரு நிறுவனத்தில், கணக்குப் பிரிவில் இருந்தவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒரு வேறுபாட்டுக்காக நான் மூன்று வாரம் நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஒயிட்ஃபீல்டு நண்பர்: பைத்தான் நிரல்மொழி கட்டாயமா?

பதில்: முதலில் எஸ்க்யூஎல்லில், ஒவ்வொரு வரிசைக்கும் அதனோடு தொடர்புள்ள வரிசைகளையும் சேர்த்துக் கணக்கிடும் விண்டோ ஃபங்ஷன்கள் வரை கைவர வேண்டும். பைத்தானைப் பிறகு கற்கலாம்.

அல்சூர் நண்பர்: எத்தனை சோதனைகள் எழுத வேண்டும்?

பதில்: ஒவ்வொரு மாடலிலும், வரிசைகளைத் தனித்தனியே அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி திரும்ப வரவில்லை, காலியாக இல்லை என்ற இரண்டையும் தவறாமல் சோதியுங்கள். மற்றவற்றில், தோல்வியடைந்தால் யார் என்ன செய்வார் என்று சொல்ல முடியாத சோதனையை நீக்கிவிடுவதே நல்லது. தினமும் வரும் எச்சரிக்கையை ஒரு கட்டத்தில் எவரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

எலக்ட்ரானிக் சிட்டி நண்பர்: வாடிக்கையாளர் ஓசூரிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்தால், சென்ற ஆண்டின் ஓசூர் விற்பனையும் குறைந்துவிடுகிறதே?

பதில்: முகவரி மேலெழுதப்படுவதே காரணம். டிபிடியில் உள்ள ஸ்னாப்ஷாட், பழைய மதிப்பை அழிக்காமல், எந்த நாள் முதல் எந்த நாள் வரை அது செல்லுபடியானது என்ற தேதிகளோடு தனி வரிசையாக வைத்துக்கொள்ளும். விற்பனை நடந்த நாளை அந்தத் தேதிகளோடு பொருத்தி இணைக்க வேண்டும். ஆனால், ஸ்னாப்ஷாட் முதன்முதலாக ஓடிய நாளுக்கு முந்தைய மாற்றங்களை அதனால் மீட்டுத் தர முடியாது. மாறக்கூடிய முகவரி, விலை, திட்டப் பிரிவு ஆகியவை உள்ள அட்டவணைகளுக்கு, அறிக்கை எவரும் கேட்காவிட்டாலும் இந்த வாரமே அதைத் தொடங்கிவிடுங்கள்.