பாஸி என்ற சீன ஜாதகத்தில் நான் மரம், ஆண்டில் உலோகம். உலோகம் மரத்தை வெட்டும் என்கிறார்களே, கெடுதலா? (பிறந்தது 1990 ஜூன் 28)

அப்படி நேராக முடிவு கட்டிவிட முடியாது. முதலில் ஒன்று: இது நம் பஞ்சபூதம் அல்ல. காற்றும் ஆகாயமும் இதில் கிடையாது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர்தான். ஒன்று அடுத்ததை வளர்க்கும், ஒன்று விட்டு அடுத்ததை அடக்கும். மரம் நெருப்பை வளர்க்கும், மண்ணை அடக்கும்.

சரி, உங்கள் கட்டத்துக்கு வருவோம். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எழுத்துகள். நாளின் மேல் எழுத்து ஜியா, நெடிய மரம், அதுதான் நீங்கள். ஆண்டின் மேல் எழுத்து கெங், கோடாலி மாதிரியான உலோகம். ஆனால் இரண்டுக்கும் நடுவே மாதத்தின் மேல் எழுத்தாக ரென் என்ற நீர் நிற்கிறது. உலோகம் நீரை வளர்க்கிறது, நீர் மரத்தை வளர்க்கிறது. வெட்ட வந்த கோடாலி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறது.

அப்புறம் கீழ் எழுத்துகள், இவற்றுக்கு விலங்குப் பெயர்கள் உண்டு. ஆண்டு, மாதம் இரண்டிலும் குதிரை, அதாவது நடுக்கோடை நெருப்பு. அந்தச் சூட்டில் உலோகமே இளகும், ரென் நீரும் வற்றும். நாளின் கீழே எலி. அது நீர், உங்கள் வேருக்கு ஈரம். ஆனால் எலியும் குதிரையும் எதிரெதிர், இங்கே இரண்டு குதிரைகள் வேறு! ஆக, என் கணிப்பில் கவனிக்க வேண்டியது உலோகமல்ல, நெருப்புதான்.

பலிக்குமா என்பது வேறு கேள்வி. நிரூபணம் எதுவும் இல்லை. வாசிக்கும் முறை மட்டும் இதுதான். பிறந்த நேரத்தையும் சொன்னால் மீதி இரண்டு எழுத்துகளையும் பார்க்கலாம்.